பூசுவதற்கு முன் பாருங்கள்

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு மெடிக்கல் ஷாப் மேசையில் கையை நீட்டுகிறார் ஒருவர். "பொரிப் பொரியா இருக்குண்ணே, ராத்திரியெல்லாம் தூங்க முடியலை. நல்ல டியூபா ஒண்ணு குடுங்க." கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார், இழுப்பறையிலிருந்து ஓர் ஆயின்ட்மென்டை எடுத்து வைக்கிறார், பணம் கை மாறுகிறது. எந்த ஊரிலும் எந்த மாலையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. அந்தக் கையில் இருந்தது சிரங்கா, படர்தாமரையா, பூச்சிக் கடியா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வந்தவரும் சொல்வதில்லை.

தோலில் எழும் சின்னஞ்சிறு புடைப்புக்குக் காரணங்கள் ஏராளம். சில தானாக வந்து தானாகப் போகும். சில ஒரே மாதத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பிடிக்கும். இன்னும் சில, ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியிருப்பதையோ, நரம்பில் கிருமி குடியேறியிருப்பதையோ வெளியே காட்டும். எது எது என்று பார்க்காமல் பூசும் களிம்பு பல நேரங்களில் நோயைத் தீர்ப்பதில்லை. நோயின் அடையாளத்தைத்தான் அழிக்கிறது. பிறகு மருத்துவரே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத நிலைக்குத் தோல் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

மருத்துவர்கள் இந்தச் சிறு புடைப்பை 'பப்யூல்' என்கிறார்கள். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்பட வேண்டும். உள்ளே நீரோ சீழோ இருக்கக் கூடாது. அகலம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீர் கோத்துக்கொண்டால் அது கொப்புளம். பெரிதாகி ஆழத்துக்கு இறங்கினால் கட்டி. மேடே இல்லாமல் நிறம் மட்டும் மாறினால் அது வேறு வகை. இவ்வளவு எளிய பாகுபாடு மருத்துவத்துக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. லண்டனில் கேரி தெருவில் இருந்த ஏழைகளுக்கான மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்த ராபர்ட் வில்லன் என்ற மருத்துவர், தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வைத்து எட்டு வகையாகப் பிரித்தார். 1798-ல் அவர் நூலின் முதல் பகுதி வெளிவந்தபோது அதில் இடம்பெற்ற முதல் வகை, இந்தச் சிறு புடைப்புகள். அதுவரை ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் இருந்தது. முதலில் உற்றுப் பார், வடிவத்தைக் குறித்துக்கொள், அதன் பிறகு பெயர் வை என்ற ஒழுங்கை அவர் உண்டாக்கினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் மருத்துவர் செய்வது அதைத்தான்.

ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போகாத நோய்

நம் வீடுகளில் அரிப்போடு வரும் புடைப்பு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரங்கை. 'சொறி சிரங்கு' என்று திட்டுவதற்குப் பயன்படுத்திப் பயன்படுத்தியே அதை அழுக்கோடு சேர்த்துவிட்டோம். தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் அது வரும். காரணம் சர்கோப்டிஸ் என்னும் எட்டுக்கால் நுண்பூச்சி. பெண் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, அதில் நகர்ந்தபடியே நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். இரண்டு வாரத்துக்குள் அவை வளர்ந்த பூச்சிகளாகிவிடும்.

இதன் சூட்சுமம் காலக்கணக்கில் இருக்கிறது. முதன்முறை தொற்றும்போது அரிப்பு உடனே தொடங்காது. பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடல் ஒவ்வாமை காட்டத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்த மனிதர் நன்றாகவே இருப்பார். குழந்தையைத் தூக்குவார், அம்மாவின் பக்கத்தில் படுப்பார், அத்தனை பேருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். அரிப்பு தொடங்கும் நாளில் உடம்பில் பொதுவாகப் பத்துப் பதினைந்து பூச்சிகளுக்கு மேல் இருக்காது. புடைப்புகளோ நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலானவை உடலின் எதிர்ப்பினால் எழுந்தவையே தவிர, பூச்சி இருக்கும் இடங்கள் அல்ல.

எங்கே வருகிறது என்பது பாதி விடை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் உடை இறுகும் இடம், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, பெண்களுக்கு மார்க்காம்பைச் சுற்றி. கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். இரவில் அரிப்பு கூடும். வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரிய பரிசோதனை எதுவும் இல்லாமலே நோய் தெரிந்துவிடும்.

இந்தப் பூச்சியைக் கண்டுபிடித்த கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதை முதலில் கண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பது. இத்தாலியின் லிவோர்னோ நகரில் ஏழைத் தாய்மார்கள் ஊசி முனையால் குழந்தைகளின் தோலிலிருந்து எதையோ நெம்பி எடுப்பதை ஜியோவானி கோசிமோ பொனோமோ என்ற மருத்துவரும், ஜியாசிந்தோ செஸ்டோனி என்ற மருந்தாளரும் கவனித்தார்கள். எடுத்ததை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 1687-ல் அதைக் கடிதமாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்று சான்றோடு சொல்லப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று அது. மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரத்தம் கெட்டுவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1834-ல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், கார்சிகா தீவைச் சேர்ந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் தன் ஊர்ப் பெண்கள் செய்வதுபோலவே ஊசியால் பூச்சியை எடுத்துப் பேராசிரியர்களின் கண்முன் காட்டிய பிறகுதான் விவாதம் முடிந்தது. அம்மாக்களின் கை கண்டதை மருத்துவக் கல்லூரிகள் ஏற்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் சிரங்கு பெருகியது. படுக்கை விரிப்புகள்தான் பரப்புகின்றன என்று எண்ணிப் போர்வைகளை எல்லாம் சூடேற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர், போருக்குப் போக மறுத்த அமைதிவாதிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து ஷெஃபீல்டில் சோதனை நடத்தினார். சிரங்கு கண்ட படைவீரர்கள் பயன்படுத்திய போர்வைகளில் அவர்கள் படுத்தார்கள். ஏறக்குறைய யாருக்கும் ஒட்டவில்லை. உடலோடு உடல் நெடுநேரம் ஒட்டியிருப்பதுதான் பரப்புகிறது என்பது அப்போது உறுதியானது. துணிகளை வெந்நீரில் துவைப்பது நல்லதுதான். ஆனால் துணியை அலசிவிட்டு மனிதர்களை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது.

வைத்தியம் எளிது. பெர்மெத்ரின் ஐந்து சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து கால் விரல்வரை, நக இடுக்கு, தொப்புள் எதையும் விடாமல் இரவில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே இரவில் பூசியாக வேண்டும். இங்கேதான் நம் மருத்துவம் சறுக்குகிறது. பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்கப் பூச ஒரு வேளைக்கு ஏறத்தாழ முப்பது கிராம் டியூப் ஒன்று தேவை. ஐந்து பேர் உள்ள குடும்பம் இரண்டு முறை பூசுவதற்கு எத்தனை டியூப் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சீட்டில் ஒரு டியூப் எழுதப்படுகிறது. அதுவும் அரித்த இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கப்படுகிறது. பதினைந்து நாளில் நோய் திரும்பி வருகிறது, 'மருந்து வேலை செய்யவில்லை' என்ற பேச்சும் வருகிறது. கூலி வேலை பார்க்கும் குடும்பத்திடம் பத்து டியூப் வாங்கச் சொல்வது நடக்கிற காரியமா? விடுதிகளிலும் காப்பகங்களிலும் இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகிறது.

இதற்கு வழி இருக்கிறது என்று ஃபிஜி காட்டியது. அங்கே தீவுச் சமூகம் ஒன்றில் அத்தனை பேருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிரங்கு 94 சதவீதம் குறைந்திருந்தது. வந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் களிம்பு கொடுத்த சமூகத்தில் குறைந்தது ஏறத்தாழ பாதிதான். 2015-ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு நேரத்திலும் உலகில் குறைந்தது 20 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறினால் குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சிவரை கொண்டுபோய்விடும். வெறும் அரிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடிய நோய் அல்ல இது.

மருந்தே மறைக்கும்போது

இப்போது அந்த மெடிக்கல் ஷாப் டியூபுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இருப்பது குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. எந்த நோயாக இருந்தாலும் ஏதாவது ஒன்று பிடிக்கட்டும் என்று கலந்த கலவை. ஸ்டீராய்டு களிம்பு மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. 1950-களின் தொடக்கத்தில் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு வந்தபோது கரப்பான் நோயாளிகளின் வாழ்க்கையே மாறியது. இன்றும் சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சரியான நாள் கணக்கில் அதற்கு ஈடு இல்லை. அது செய்வது அழற்சியை அடக்குவது. அரிப்பும் சிவப்பும் மேடும் உடலின் எதிர்ப்பு வேலையால் வருபவை. அந்த வேலையை நிறுத்திவிட்டால் இரண்டே நாளில் எல்லாம் அடங்கியதுபோல் தெரியும். கிருமியோ பூச்சியோ உள்ளே இருந்தால், தடுக்க ஆளில்லாமல் பெருகும்.

படர்தாமரை இதற்கு நல்ல உதாரணம். வட்டமாகப் பரவும் அந்தப் படையின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் சிறுசிறு புடைப்புகள் வரிசையாக நிற்பது தெரியும். அந்த வரம்பை வைத்தே மருத்துவர் கண்டுபிடிக்கிறார். ஸ்டீராய்டு பூசினால் முதலில் அழிவது அந்த வரம்புதான். பிறகு வட்டத்துக்குள் வட்டம், திட்டுத் திட்டாகக் கருமை, எந்த நோயென்று சொல்ல முடியாத உருவம். 1968-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் இருவர் இதை அடையாளம் கண்டு, மாறுவேடம் பூண்ட பூஞ்சை என்ற பொருள்பட ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அப்போது அது அபூர்வம். இன்று நம் ஊர்த் தோல் பிரிவில் தினசரிக் காட்சி. ஒரு மாதத்தில் போன படர்தாமரை இன்று ஆறு மாதமானாலும் போவதில்லை. 2020-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சைக்கு, முன்பு நம்பகமாக இருந்த டெர்பினாஃபின் மாத்திரை பல நோயாளிகளிடம் வேலை செய்வதில்லை. அது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதன் பெயரில் இந்தியா இருக்கிறது. இந்த நிலைக்கு ஸ்டீராய்டுக் கலவைகளின் தாராளப் புழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள்.

முகத்தின் கதை இன்னும் வேதனையானது. ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கி நிறத்தையும் வெளிறச் செய்வதால், பூசிய முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். 'சிவப்பழகு' தரும் என்று ஒரு தோழி சொல்லி இன்னொரு தோழிக்குப் போகும். சில வாரங்களில் முகமெங்கும் ஒரே அளவில், ஒரே வடிவில் புடைப்புகள் எழும். சாதாரண முகப்பருவில் கரும்புள்ளி, பரு, சீழ் என்று பல நிலைகள் கலந்திருக்கும். இதில் எல்லாம் ஒரே அச்சு. தோல் மெலியும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் தெரியும், முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பொங்குகிறதென்று மறுபடி பூசுவார்கள். 2011-ல் வெளியான, இந்தியாவின் பல நகர மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர்.

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணைக்குக் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. டியூபின் மேல் எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது. கேட்டால் கிடைக்கிறது. கருமையான பெண்ணின் முகத்தைக் குறை என்று சொல்லும் சமூகமும், சீட்டுக் கேட்காத கடையும் சேர்ந்து இத்தனை முகங்களைப் பாழாக்கியிருக்கின்றன. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரிக்காத புடைப்புகள்

அரித்தால் ஓடுவோம். அரிக்காவிட்டால் விட்டுவிடுவோம். அங்கேதான் சில பெரிய நோய்கள் ஒளிந்துகொள்கின்றன.

தொழுநோய் என்றால் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் என்று பள்ளிச் சுவரிலேயே எழுதிப் படித்திருக்கிறோம். கிருமி அதிகமாக இருக்கும் வகையில் அப்படி வராமலும் போகலாம். காது மடல் தடித்து, முகத்திலும் கையிலும் பளபளப்பான சிறு புடைப்புகள் எழும். அவற்றில் உணர்ச்சி இருக்கவும் கூடும் என்பதால் நோயாளியும் ஏமாறுவார், அவசரத்தில் பார்க்கும் மருத்துவரும் ஏமாறுவார். கிருமி உள்ளே போய்ச் சராசரியாக ஐந்தாண்டு கழித்து, சிலருக்கு இருபதாண்டு கழித்து நோய் வெளிப்படும். 2005-ன் இறுதியில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அந்தச் செய்தியைக் கேட்டுப் பலர் நோயே ஒழிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். காது மடலில் சிறு கீறல் போட்டு எடுக்கும் திரவத்தில் கிருமியைப் பார்த்துவிடலாம். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆரம்பத்தில் பிடித்தால் விரல் மடங்காது, கண் கெடாது.

சிபிலிஸ் இரண்டாம் கட்டத்தில் உடலெங்கும், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் செதிலோடு புடைப்புகள் வரும். பெரும்பாலும் அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. சில வாரத்தில் தானாக மறையும். மறைந்ததும் நிம்மதி வரும். நோயோ உள்ளே தங்கிவிடும். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் போகும். உள்ளங்கையில் காரணம் தெரியாத தடிப்பு என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆரம்ப நிலையில் பென்சிலின் ஊசி ஒன்றே தீர்த்துவிடும். கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் மிகப் பெரிது.

பீகார், வங்காளப் பக்கம் காலா அசார் காய்ச்சல் வந்து குணமானவர்களில் சிலருக்கு, ஓரிரு ஆண்டு கழித்து வாயைச் சுற்றியும் முகவாயிலும் புடைப்புகள் முளைக்கும். 1922-ல் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி இதை விவரித்தார். அந்தக் காய்ச்சலுக்கான யூரியா ஸ்டிபமைன் மருந்தை உருவாக்கியவரும் அவரே. காய்ச்சல் இல்லை, உடல் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் புடைப்புகளில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது. மணல் ஈ கடித்தால் அடுத்தவருக்குப் போகும். வட மாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவரின் முகத்தில் புடைப்பைப் பார்க்கும் மருத்துவர், சொந்த ஊர் எது, முன்பு நீண்ட காய்ச்சல் வந்ததா என்று கேட்டால் தொழுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கலாம்.

உள்ளே நடப்பதை வெளியே சொல்பவை

சர்க்கரை கட்டுக்கடங்காமல் போன ஒருவருக்குத் திடீரென்று பிட்டத்திலும் முழங்கை, முழங்காலிலும் மஞ்சள் நிறச் சிறு புடைப்புகள் கூட்டமாக வருகின்றன என்று வையுங்கள். பரு என்று நினைத்துக் களிம்பு பூசினால் போகாது. அது ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு வழிந்து தோலில் படிவது. 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். அந்த அளவில் கணையம் எந்த நேரமும் வீங்கலாம், உயிருக்கே ஆபத்து. தோலைப் பார்த்து அன்றே ரத்தம் எடுத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போகாமல் தடுக்க முடியும்.

கழுத்தைச் சுற்றித் தொங்கும் சிறு சதை முளைகளும், கூடவே பின்கழுத்தில் அழுக்குப் படிந்ததுபோல் தடித்த கருமையும் இருந்தால், தேய்த்துத் தேய்த்துக் குளித்துப் பயனில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாகலாம். பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் அதைப் பார்த்து 'ஒழுங்காகக் குளி' என்று அதட்டும் பெற்றோர் பலர். அந்தப் பிள்ளைக்குத் தேவை எடையையும் சர்க்கரையையும் பார்ப்பது. இதற்கு நேர் எதிர்த்திசையில், முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்தோறும் முள்போல எழும் சொரசொரப்பு, சாப்பாட்டில் வைட்டமின்களும் நல்ல கொழுப்பும் போதாத குழந்தைகளுக்கு வரும். தேரையின் தோல்போல இருப்பதால் 1933-ல் லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். ஒரே வகுப்பறையில் இந்த இரண்டு பிள்ளைகளையும் இன்று பார்க்க முடியும்.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். புதர்ப் பக்கம், வயல் வரப்பு, விறகு என்று போய்வந்தவரைக் கண்ணுக்குத் தெரியாத மைட் பூச்சியின் லார்வா கடிக்கிறது. கடித்த இடத்தில் ஒரே ஒரு சிறு புடைப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. அது புண்ணாகி, நடுவில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு கட்டும். ஒரு வாரம், பத்து நாளில் கடும் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று பரிசோதனைகள் வந்துகொண்டிருக்கும்போது அந்தப் பொருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். தமிழ்நாட்டில் இது அடிக்கடி வரும் நோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறது. தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று 2023-ல் வெளியான ஆய்வை முன்னின்று நடத்தியதும் அங்குள்ளவர்கள்தான். மருந்து மலிவு, நாள் கடந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். காய்ச்சல்காரரின் உடம்பை ஆடை விலக்கி முழுக்கப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அக்கியும் முதலில் புடைப்பாகத்தான் வரும். உடலின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பின் பாதையில், எரிச்சலோடு. மறுநாளே நீர் கோக்கும். குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் வழக்கம். நம்பிக்கையோடு செய்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வயதானவர்களுக்கு அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வாட்டும் நரம்பு வலி வரும். எழுதிக்கொண்ட கையோடு மருத்துவரிடமும் போய்விடுங்கள். கண்ணுக்கு அருகே என்றால் அன்றே போக வேண்டும்.

விட்டுவிட வேண்டியவை

பயப்பட வேண்டாத புடைப்புகளே எண்ணிக்கையில் அதிகம். வேர்க்குரு, வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது. காற்றும் பருத்தித் துணியும் போதும், எண்ணெயும் பவுடரும் அடைப்பைக் கூட்டவே செய்யும். நடுவயதில் கன்னத்தில் வரும் கருநிற மச்சம் போன்ற முளைகள் குடும்பவாகு. குழந்தைகளுக்கு முத்துப்போல் வழவழப்பாக, நடுவில் சிறு குழியோடு வரும் மொலஸ்கம், வைரஸால் வருவது. பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் தானாகவே போய்விடும். கிள்ளினால் பரவும். அதே மொலஸ்கம் பெரியவர் முகத்தில் கூட்டமாக வந்தால் மட்டும் எச்ஐவி பரிசோதனை அவசியம்.

பையன்களிடம் யாரும் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆணுறுப்பின் முன்பகுதி விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துமுத்தான நுண்ணிய புடைப்புகள் நோய் அல்ல. தொற்றாது, மருந்து வேண்டாம், பலருக்கும் இருப்பது. இதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் லாட்ஜ் அறைகளில் முகாமிடும் வைத்தியர்களிடம் ஆயிரக்கணக்கில் பணத்தையும், அதைவிட அதிகமாகத் தூக்கத்தையும் தொலைக்கும் இளைஞர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்? எப்போது, எங்கே தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு, இரவில் கூடுகிறதா, புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். மிக முக்கியமாக, இதுவரை பூசிய எல்லா டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். மருத்துவர்களும் அந்த டியூபைப் பார்த்ததும் கோபப்படாமல் இருந்தால் நோயாளிகள் மறைக்காமல் இருப்பார்கள்.

இன்னொரு விஷயம், நம் நிறத்தைப் பற்றியது. மருத்துவப் புத்தகங்களில் 'சிவந்த புடைப்பு' என்று வருவது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் அதே அழற்சி கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கருமையாகத் தெரியும். லைக்கன் பிளேனஸ் என்ற, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தட்டையான ஊதாப் புடைப்புகளாக அரிப்போடு வரும் நோய், நமக்கு ஆறிய பிறகும் கருந்தழும்பை மாதக்கணக்கில் விட்டுச்செல்லும். நோய் இன்னும் போகவில்லை என்று எண்ணி மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர் 2020-ல் கருந்தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று படங்களோடு கையேடு ஒன்றைத் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். நம் மாணவர்கள் நம் தோலைப் பார்த்தே பழகுவது நல்வாய்ப்பு. வீட்டில் பார்ப்பவர்களும் சிவப்பைத் தேட வேண்டாம். விரலால் தடவிப் பாருங்கள், சூட்டையும் மேட்டையும் விரல் சொல்லும்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத ஒன்று. காய்ச்சலோடு உடலில் கருஞ்சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகளோ புடைப்புகளோ வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது நிறம் மறையும். மறையாவிட்டால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது என்று பொருள். மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், டெங்குவில் தட்டணுக்கள் சரிந்திருக்கலாம், ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். மாநிறத்திலும் கருநிறத்திலும் புள்ளிகள் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே புள்ளிகள் இருந்தால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். நடு இரவாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.